பலகாரச் சூடும் இறுவட்டும்

கணினியிலுள்ள பாட்டையோ படத்தையோ வட்டிலே பதிக்குஞ் செயலை ஆங்கிலேயர் ‘எரித்தல்’ என்பர். அவ்வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எம் மாணாக்கருட் சிலரும் ‘சீடி எரித்தல்’ என்று எழுதத் தலைப்பட்டுள்ளனர். யாழ்ப்பாணத்திலிருந்துகொண்டு இச்சொல்லை எளிதிற் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு மூட்டிய தீயில், பொதுநூலகத்திலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எரித்தலாவது இல்லாமற் செய்தல் என்பதே இவ்வூரவர் பட்டறிந்த பொருள். ஒன்றை நிலைபெறச் செய்தற்கும் அச்சொல்லையே ஆளுதல் எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் மாணாக்கர் கட்டுரைகளிலே அதனைக் கீறிவிட்டுப் ‘பொறித்தல்’ என்று திருத்தி வருகின்றேன்.

வேலையின் இயல்பும் அத்திருத்தத்துக்கே இயைகின்றது. டீ.வீ.டீ. வட்டின் நடுவே ஒரு சாயப் படலம் உண்டு. 650 நனோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளி ஊசிமுனை போல அதன்மீது பட்டுப் பட்டு, பட்டவிடத்தின் நிறத்தன்மையை மாற்றிச் செல்லும். பட்ட இடமும் படாத இடமுமே எழுத்து. எழுத்தாணி ஓலையிற் கீறிச் செல்வதும் இதுவே அன்றோ? ஓலைக்கு மை பூசினாற்றான் எழுத்துத் தோன்றும். இதற்கு மீண்டும் ஒளி பாய்ச்சினாற்றான் எழுத்துத் தோன்றும். வேற்றுமை அவ்வளவே. (‘இறுவட்டு’ என்பதே செவ்விய வடிவம், இறுகிய வட்டு என்க. பாட்டு வெளியீட்டு விழா அழைப்பிதழ்களில் வரும் ‘இறுவெட்டு’ எதனை வெட்டுகின்றதென்று யான் அறியேன்.)

இனி, பண்டிதன் ஒருவன் இத்தொழிலுட் புகுந்த காரணத்தைச் சொல்லவேண்டும்.

2012ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் தமக்கையார் மகளுக்குத் திருமணம் நிகழ்ந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மைத்துனர், அம்மானின் மகன், உள்ளங்கையில் அடங்கும் கமரா ஒன்று கொண்டுவந்தார். சோனி, பனசோனிக் என்னும் இரு நிறுவனங்களும் 2006இல் வகுத்து வெளியிட்ட ஏ.வி.சி.எச்.டி. என்னும் முறையிற் படம் எழுதுங் கமரா அது. ஒவ்வொரு படமும் அகலத்தில் 1920 புள்ளியும் உயரத்தில் 1080 புள்ளியும் உடையது. பொன்னுருக்கல் முதல் நான்காஞ் சடங்கு வரை மைத்துனர் கமராவைக் கீழே வைத்திலர். ஆறு மணித்தியாலமும் இருபது நிமிடமும் எடுத்திருந்தார். அதனுள் எழுபது நிமிடம் பலகாரச் சூடு.

பலகாரச் சூட்டை அறியாத வாசகர் இப்பகுதியில் இலர். திருமணத்துக்குச் சில நாள் முன்னதாக அயற் பெண்டிர் எல்லாம் கூடி, பந்தலின் கீழே அடுப்பு மூட்டி, அரியதரமும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டுக் கடகங் கடகமாக நிரப்புவர். அன்று ஆடவருக்கு அங்கே வேலையில்லை. ஆதலாற் பேச்சுக்குத் தடையுமில்லை. என் தாயாரின் தமக்கையார், யாம் பெரியம்மா என்று அழைப்பவர், தாச்சியின் முன்னே முக்காலியில் இருந்து அன்றைய ஆட்சியை நடத்தினார். மணமகளுக்குத் தன் சொந்த அம்மம்மாவின் முகம் நினைவில்லை. பெரியம்மாவையே அவள் அம்மம்மா என்பாள்.

விழா முடிந்தபின் இவையெல்லாம் ஒரு படப்பிடிப்பு நிலையத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு டீ.வீ.டீ. செய்து தந்தார். மலர்கள் விரிந்து மறையும் எழுத்துக்களும் இதய வடிவச் சட்டங்களும் அதில் நிரம்ப உண்டு. எழுபது நிமிடப் பலகாரச் சூடு மூன்று நிமிடமாயிற்று. அம்மூன்று நிமிடமும் தென்னிந்தியத் திரைப்பாட்டொன்று ஒலிக்கின்றது, பெண்டிர் வாயசைக்கின்றனர், ஒரு சொல்லுங் கேளாது. அந்நிலையத்தாரைக் குறைகூறுவது என் கருத்தன்று. கேட்டவர்க்குக் கேட்டதைச் செய்தார். அக்காலத்தில் எல்லாரும் கேட்டது அதுவே.

பெரியம்மா 2017இல் இறந்தார். 2023இல் மருமகள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “மாமா, அம்மம்மான்ரை குரல் எங்கையாவது இருக்கோ? பிள்ளைக்குக் கேக்கக் குடுக்கவேணும்” என்றாள். டீ.வீ.டீ.யைப் போட்டுப் பார்த்தோம். திருமண நாளன்று பெரியம்மா ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் காட்சி ஏழெட்டு வினாடி, அதன்மீதும் நாதசுரம். குரல் இல்லை.

மைத்துனர் நல்ல வேளையாகக் கமராவிலிருந்ததை அப்படியே ஒரு வன்தட்டிற் போட்டு வைத்திருந்தார். ‘அப்படியே’ என்பதை அழுத்திச் சொல்லுகின்றேன். இம்முறையில் எழுதுங் கமரா, கோப்பு ஒரு குறித்த அளவு நிரம்பியதும் நீண்ட காட்சியைத் தானே துண்டாக்கி அடுத்த கோப்பில் தொடரும். எந்தத் துண்டின்பின் எந்தத் துண்டு என்னுங் குறிப்பு அதே உறையிலுள்ள வேறு சிறு கோப்புக்களில் இருக்கும். பலர் பெரிய கோப்புக்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு சிறியவற்றைக் குப்பையென்று தள்ளிவிடுவர். பின்னர் இணைக்குமிடத்திற் சில சொற்கள் விழுந்துபோதலுண்டு. ஏட்டுக்கட்டின் சட்டத்தையும் கயிற்றையும் எறிந்துவிட்டு ஓலைகளை மட்டும் அள்ளிக்கொண்டு போவதற்கு இஃது ஒப்பாகும்.

மைத்துனர் அவற்றின் படியொன்றை அனுப்பினார். பாடசாலை விடுமுறையில், என் பழைய மாணாக்கரும் இன்று கணினிப் பாடம் புகட்டும் ஆசிரியருமாகிய ஒருவரைத் துணைக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைக் கூறுமிடத்து முதலாவதாகத் தொகுத்தலை வைத்தது. காணொளித் தொகுப்பு என்னும் இக்காலத் தொழிற்பெயரும் அதுவே. ஆயின் தொகுப்பதற்கு முன் வெட்டவேண்டும். வெட்டுவதோ நினைத்த இடத்தில் இயலாது. யான் ஓரிடத்தைக் காட்டியபோது ஆசிரியர், “ஐயா, உதிலை வெட்டினால் படம் உடையும், கொஞ்சம் முன்னாலை போங்கோ” என்றார். காரணம் கேட்டேன். அவர் விளக்கியதை யான் விளங்கிக்கொண்டவாறு கூறுவேன்.

பழைய கணக்கேடுகளில் ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்றொரு குறி உண்டு. முதல் வரியிற் பெயரும் ஊரும் முழுமையாக எழுதிவிட்டு, அடுத்த வரிகளில் ௸ என்று போட்டு, மாறிய தொகையை மட்டும் எழுதிச் செல்வர். இக்கமரா செய்வதும் அதுவே. வினாடிக்கு ஏறத்தாழ முப்பது படம் எடுக்கின்றது. அம்முப்பதையும் முழுமையாக எழுதுவதில்லை. ஏறக்குறைய அரைவினாடிக்கு ஒன்றே முழுப்படம். இடைப்பட்டவை எல்லாம் ‘மேற்படி, கை மட்டும் இவ்வளவு நகர்ந்தது’ என்னும் அளவில் நிற்பன. சில, தமக்கு முன்னுள்ள படத்தை மட்டுமன்றிப் பின்னுள்ளதையும் நோக்கி நிற்கும். முதல் வரி கிழிந்த கணக்கேட்டில் ௸ என்பதற்குப் பொருளென்ன? நடுவே வெட்டின் நேர்வது அதுவே. நல்ல மென்பொருள், வெட்டு விழுந்த அவ்வரைவினாடியை மட்டும் விரித்து மறுபடி எழுதி, எஞ்சியதைத் தொடாது விடும். மற்றையவை முழுவதையும் விரித்து முழுவதையும் மறுபடி சுருக்கும். ஒவ்வொரு மறுசுருக்கத்திலும் சிறிது தேயும், தேய்ந்தது மீளாது. படியெடுத்தல் வேறு, மறுசுருக்கம் வேறு என்பதை மாணாக்கர் மனங்கொள்ளுதல் வேண்டும். படியெடுத்தால் எழுத்துக்கு எழுத்து மாறாது. ஏடெழுதுவோர் எவருக்கும் வாய்க்காத பேறு அது. மறுசுருக்கமோ உரைகாரர் மூலத்தைத் தம் சொற்களாற் சொல்லுவது போல்வது.

வேறொரு தொல்லையும் உண்டாயிற்று. கனடாவில் வாங்கிய கமரா அந்நாட்டு முறைக்கேற்ப வினாடிக்கு அறுபது அரைப்படம் எடுப்பது. எம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு ஐம்பது முறை அலைவது. அதனாற் பந்தலிற் கட்டிய குழல் விளக்கின்கீழ் எடுத்த படம் முழுவதும் மினுமினுத்துத் துடித்தது. கமராவின் திறப்புவேகத்தை ஐம்பதிலொரு வினாடி அல்லது நூறிலொரு வினாடி என்று வைத்திருப்பின் இக்குறை நேராது. அங்கிருந்து இனி வருவோர் இதனைக் கவனிப்பாராக. நேர்ந்துவிட்டதைச் சற்றே தணிக்கலாம். முற்றாகப் போக்குதல் அரிது.

படம் துடித்தாலென்ன? எமக்கு வேண்டியது பேச்சு. எழுபது நிமிடத்தையும் இருந்து கேட்டேன். தாச்சி, அகப்பை, சுளகு, அரிதட்டு, முறுக்குரல் என்று பொருட்பெயர்கள் வரும். மாவின் பதத்துக்கே ஐந்தாறு சொல் வரும். “மா குழைச்ச பதம் காணாது பிள்ளை, இன்னுங் கொஞ்சம் கைபோடு” என்னும் பெரியம்மாவின் அதட்டல் வரும். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டு எழுத்தாளருக்கும் பண்டிதருக்கும் நடந்த மரபுப் போராட்டத்தில், இத்தகைய பேச்சை இழிசனர் வழக்கென்று ஒதுக்கியவர் எம் பக்கத்தார். அவர்கள் இலக்கணத்தை யான் இன்றும் படிப்பிக்கின்றேன். ஆயினும் அவர்களுள் ஒருவராயினும் ஒரு பலகாரச் சூட்டின் ஓரத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டிருக்கலாம் என்று தோன்றுகின்றது.

நாற்பத்தோராம் நிமிடத்திலே பன்னிரண்டு வினாடி உண்டு. யாரோ முதலிற் சுட்ட அரியதரத்தை எடுத்துத் தட்டில் வைக்கின்றார். கமரா தாச்சியை நோக்கி நிற்கின்றது. பெரியம்மாவின் குரல் மட்டும், யாரையும் நோக்காததொரு குரலில், “அவன் இருந்தால் இப்ப ரெண்டை எடுத்துக்கொண்டு படலையாலை ஓடியிருப்பான்” என்கிறது. ‘அவன்’ 2009இற் காணாமற்போன அவர் மகன். பிறகு ஒருவரும் பேசவில்லை. எண்ணெய் கொதிக்கும் ஓசை. பின் ஒரு கை வந்து அகப்பையை எடுக்கின்றது. அது பெரியம்மாவின் கை. “அடுத்ததைப் போடுங்கோ” என்கிறார்.

இப்பன்னிரண்டு வினாடியைப்பற்றி எம் வீட்டில் மூன்று கிழமை பேச்சு நடந்தது.

தமக்கையார் வேண்டாமென்றார். “கலியாணப் படத்துக்கை உது என்னத்துக்கு? நல்லநாள் பெருநாளிலை போட்டுப் பார்க்கிறது” என்பது அவர் கட்சி. அதனை மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். மங்கலத்துக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கைக் காத்தே அன்று பந்தலிலிருந்த பெண்டிரும் பேசாதிருந்தனர். மருமகளோ, அம்மம்மாவின் குரலில் ஒன்றுதான் எடுக்கலாமென்றால் அதனையே எடுங்கள் என்றாள். கணினி ஆசிரியர் ஒரு நடுவழி கண்டார். அவ்விடத்தில் முகம் இல்லை என்பதே குறை; திருமண நாளிற் பெரியம்மா மூலையில் அமர்ந்திருக்கும் அக்காட்சியை எடுத்து, மெல்ல ஓடவிட்டு, இக்குரலை அதன்மீது இடலாம்; பார்ப்பவர் கண் கலங்கும் என்றார். செய்தும் காட்டினார். கண் கலங்கத்தான் செய்தது.

யான் உடன்படவில்லை. அஃது இடைச்செருகல். அம்முகம் அச்சொல்லைச் சொன்ன முகமன்று. வேறொரு நாள், வேறெதையோ எண்ணியிருந்த முகம். பழைய நூல்களிற் பிற்காலத்தார் நுழைத்த பாட்டுக்களுட் சில மூலப்பாட்டினும் இனியன. இனிமை பற்றி அவற்றை மூலமென்று கொள்வாரில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைத் தம் கவித்திறத்தால் நிரப்பியிருந்தால் இன்று அவரை யார் நம்புவார்? கொதிக்கும் எண்ணெயையே காட்டுவோம் என்றேன். பேசாதிருந்த அவ்விடைவெளியையும் குறைக்கவேண்டாம் என்றேன்.

ஆசிரியர் எண்ணெயின் இரைச்சலையாயினும் குறைக்க முயன்றார். அதற்கு ஒரு கருவி மென்பொருளில் உண்டு. இரைச்சல் குறைந்தது, கூடவே பெரியம்மாவின் சகரங்களும் மழுங்கின. கொதிக்கும் எண்ணெயின் ஓசையும் வாயிற் சகரத்தை உரசி வரும் ஓசையும் ஏறத்தாழ ஒரே உயர்ந்த சுருதியில் நிற்பன. கருவி இரண்டையும் வேறுபிரித்தறியாது. எண்ணெய் இருக்கட்டும் என்று விட்டோம்.

வெட்டியவையும் உண்டு. ஒருத்தி அயல் வீட்டுச் சீதனக் கணக்கைப் பேசுமிடம் முழுவதும் எடுத்துவிட்டேன். அவர்கள் இன்றும் அயலிலேயே இருக்கின்றனர். கமராவை நிறுத்த மறந்து மைத்துனர் நடந்து சென்றபோது பதிந்த செருப்புக்களும் மணலுமாகிய ஐந்து நிமிடமும் போயிற்று. எஞ்சியது நாற்பத்தெட்டு நிமிடம். திரைப்பாட்டு இல்லை, மலர் விரியும் எழுத்தும் இல்லை. தமக்கையாருக்காக வேறொரு பதிப்புச் செய்தோம். அதில் அப்பன்னிரண்டு வினாடி இல்லை. இருவேறு பாடம் வழங்குவது தமிழ் நூல்களுக்குப் புதிதன்று.

பின் பொறித்தல். இந்தக் கமரா எழுதுவது வினாடிக்கு ஏறக்குறைய 24 மெகாபிற்று. அஃதாவது 3 மெகாபைற்று. மணித்தியாலத்துக்கு 10.8 கிகாபைற்று ஆகும். 4.7 கிகாபைற்றுக் கொள்ளும் டீ.வீ.டீ. வட்டில் இது இருபத்தாறு நிமிடத்துக்கு மேல் அடங்காது. வழக்கமான டீ.வீ.டீ. காணொளியாக மாற்றினால் அடங்கும். ஆனாற் கனடா முறையிற் படம் ஒன்றுக்கு அகலம் 720, உயரம் 480 புள்ளி. பெருக்கிப் பார்க்க, மூலத்திற் சரியாக ஆறில் ஒன்று. எம் நாட்டு முறைக்கு உயரம் 576. அது ஐந்தில் ஒன்று. புளூ-ரே வட்டு ஒன்று 25 கிகாபைற்றுக் கொள்ளும். 405 நனோமீற்றர் நீலவூதாக் கதிரின் நுனி மிகக் கூரியது ஆதலின் நெருக்கி எழுதுகின்றது. இக்கமராவின் படத்தை மறுபடி சுருக்காமலே அதில் அமைக்கலாம்.

ஆகவே நன்னூலார் முறைப்படி மூன்று செய்தோம். முதனூல்: மைத்துனர் அனுப்பிய ஆறு மணித்தியாலம் இருபது நிமிடமும் உறை பிரியாது மூன்று புளூ-ரே வட்டுக்களில். வழிநூல்: தொகுத்த நாற்பத்தெட்டு நிமிடம் ஒரு புளூ-ரே வட்டில். சார்புநூல்: தமக்கையார் வீட்டுப் பழைய கருவிக்கு ஏற்ற டீ.வீ.டீ. கனடாவிலுள்ள கருவிகளுட் பல எம் நாட்டு ஐம்பது முறைப்படத்தைக் காட்டா. இங்குள்ளவையோ பெரும்பாலும் இரண்டையுங் காட்டும். ஆதலின் டீ.வீ.டீ.யையும் அறுபது முறையிலேயே வைத்தோம். கமராவும் அம்முறையதாகையால் அசைவு குழம்பாது. முறை மாற்றுவோர் படத்தில், அரிதட்டை அசைக்கும் கை சீப்புப் பல்லுப்போலக் கிழிந்து தோன்றுவதைக் கண்டிருக்கின்றேன்.

வெற்று வட்டுக்களை மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து அனுப்பினார். குறைந்த வேகத்திற் பொறித்து, முடிந்தபின் வட்டிலுள்ளதையும் கணினியிலுள்ளதையும் ஒப்புநோக்குமாறு கணினியை ஏவினோம். ஏடெழுதியபின் மூலத்தோடு ஒப்புநோக்காதவன் ஏடெழுதினவனாகான். ஒரு வட்டுத் தேறவில்லை. அதனை ஒதுக்கி வேறொன்றிற் பொறித்தோம். பெயரைத் தாளில் எழுதி ஒட்டாது, நடுத்துளையைச் சூழ்ந்த தெளிந்த வளையத்தில் நீர்மைப் பேனையால் எழுதினோம். டீ.வீ.டீ.யில் எழுத்துப் படலம் இரண்டு தகட்டின் நடுவே 0.6 மில்லிமீற்றர் ஆழத்திற் காப்பாக உள்ளது. புளூ-ரேயிலோ மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றரே. ஆதலின் கைபடாமை முக்கியம். வெயில் படாத அலுமாரியிற் புத்தகம்போல் நிறுத்தி வைத்தல் நன்று.

வட்டில் ஏற்றிவிட்டால் என்றும் இருக்கும் என்பார் உளர். எமது வெப்பத்திலும் ஈரத்திலும் அதனை யான் நம்பேன். டீ.வீ.டீ.யின் சாயம் மங்குவது. வட்டு இருந்தாலும் படிக்குங் கருவி இல்லாது போகும். சோனி நிறுவனம், வீட்டிற் பொறித்தற்குரிய புளூ-ரே வட்டுக்களைச் செய்வதை 2025ஆம் ஆண்டு பெப்புருவரியில் நிறுத்திவிட்டது. பத்தாண்டுக்கு முன்பே கைவிடப்பட்ட தொழிலென்று இளைஞர் சிரிப்பர். ஆயினும் ஒருமுறை பொறித்த வட்டை ஒருவரும் கைதவறி அழித்துவிட முடியாது என்னும் ஒரு நலம் வன்தட்டிற்கோ கைத்தொலைபேசிக்கோ இல்லை. வன்தட்டில் ஒரு படியும் வட்டில் ஒரு படியும், கடலுக்கு அப்பால் ஒரு படியும் என்று வைத்தோம். உறையின் உட்புறத்தில் ‘2030இற் படியெடுக்க’ என்று எழுதியிருக்கின்றேன். பாட்டன் ஏட்டைப் பேரன் எழுதியமையாலன்றோ எமக்கு நூல் வந்தது.

வட்டுக்கள் ஊர் சென்ற ஒருவர் கையில் ரொறன்ரோ சேர்ந்தன. தமக்கையார் தம் டீ.வீ.டீ.யை ஒருமுறை பார்த்தார். சில நாட் கழித்து மற்றையதையும் கொண்டுவரச் சொன்னார். அதைப்பற்றி என்னோடு அவர் ஒன்றும் பேசவில்லை; யானும் கேட்கவில்லை.

மருமகள் தொலைபேசியிற் கேட்டது ஒன்றே. “மாமா, படலை எண்டால் என்னவெண்டு பிள்ளை கேக்குது. கேற் எண்டு சொல்லவோ?”

பொறு, அப்படிச் சொல்லாதே என்றேன். பெரியம்மா வீட்டிலும் அவ்வொழுங்கை முழுவதிலும் இப்பொழுது இரும்புக் கேற்றுக்களே உள்ளன. முதனூல் வட்டுக்களில், மணமகளை அழைத்துவரும் காட்சியிலாவது, பின்னாலே ஒரு படலை நிற்கின்றதோ என்று இரவிற் சிறிது சிறிதாகப் பார்த்துக்கொண்டு வருகின்றேன். இரண்டாம் வட்டிற் பாதி முடிந்தது.